சரக்கைப் பற்றிய சொற்கள்

சில காலமாக நம் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் புதிய சொற்கள் சில அடிக்கடி காதில் விழுகின்றன. சந்தைப் பிரிவு, பயனர் தேவை, பிராண்டு, மதிப்புக் கூட்டல், பொருளின் ஆயுட்சுழற்சி, முன்னோட்டச் சரக்கு என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். பட்டணத்திலிருந்து வரும் அதிகாரி சொல்கிறார், ஆலோசகர் சொல்கிறார், கடனுக்குப் பூர்த்தி செய்யும் படிவத்திலும் அவை அச்சாகியிருக்கின்றன. அங்கத்தினர்களாகிய நாம் தலையை அசைக்கிறோம். தேநீர் வருகிறது, கூட்டம் கலைகிறது. வீடு திரும்பும் வழியில், என்ன சொன்னார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டால் பதில் வருவதில்லை.

இச்சொற்கள் வழங்கும் துறையை ஆங்கிலத்தில் பிராடக்ட் மேனேஜ்மெண்ட் என்கிறார்கள். சரக்கு நிர்வாகம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு சரக்கை யாருக்காகச் செய்வது, எவ்வாறு செய்வது, என்ன விலைக்கு விற்பது, எப்போது மாற்றுவது, எப்போது நிறுத்திவிடுவது என்னும் கேள்விகளுக்கு விடை தேடுவதே அதன் வேலை. இத்துறையின் சொற்களில் இன்றியமையாத சிலவற்றையேனும் சங்கத்தின் ஒவ்வோர் அங்கத்தினரும் கற்றாக வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். கற்றவர்களாகக் காட்டிக்கொள்வதற்காக அன்று. சங்கம் நம்முடையது என்று துணை விதிகள் சொல்கின்றன. ஆனால் கூட்டத்தில் பேசப்படும் சொல் நமக்கு விளங்காதபோது, முடிவு அந்தச் சொல் விளங்கியவர் கைக்குப் போய்விடுகிறது. கைநாட்டு வைத்த காலத்தில் பத்திரத்தை யார் படித்துச் சொன்னாரோ அவரிடம் நிலம் போன கதையை நம் பாட்டனார்கள் அறிவார்கள்.

புதிய சொல்லைக் கண்டு நாம் அஞ்ச வேண்டிய காரணமும் இல்லை. தறியில் உட்காருகிறவர்களுக்குப் பாவு, ஊடை, விழுது, நாடா என்று ஒவ்வொன்றுக்கும் பிசகாத சொல் உண்டு. நாற்பதாம் நம்பர் நூலுக்கும் அறுபதாம் நம்பர் நூலுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லிவிடுவார்கள். கரிசல் காட்டு விவசாயி மேகத்தைப் பார்த்து ஒரு சொல்லும் மண்ணைப் பார்த்து ஒரு சொல்லும் வைத்திருக்கிறார். சரக்கு தறியை விட்டோ காட்டை விட்டோ வெளியேறும்வரை நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. வாசலைத் தாண்டியதும் வாயடைத்துப் போகிறோம். அதன் பிறகு சரக்கைப் பற்றிப் பேசுகிறவர் வேறு ஒருவர்.

ஏழாயிரம்பண்ணைக்காரர்களுக்கு இதைத் தீப்பெட்டியைக் கொண்டே விளக்கலாம். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் என்பதை இவ்வட்டாரத்தில் சிறுவர்களும் சொல்வார்கள். தொழிலைக் கற்ற கதையைச் சொல்கிறோமேயொழிய, சரக்கைச் சந்தையில் நிலைநிறுத்தக் கற்ற கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. எழுத்தறியாத ஒருவர் கடையில் வந்து நின்று, போன தடவை வாங்கிய அதே சரக்கை எப்படிக் கேட்பார்? அணில் படம் போட்டது, சேவல் படம் போட்டது என்று கேட்பார். அந்தப் படங்களே சிவகாசிச் சரக்கின் அடையாளங்களாயின. பிராண்டு என்று இன்று கனத்த குரலில் சொல்லப்படுவது இதுதான்: முன்பு வாங்கியவர் மீண்டும் அதையே கேட்டு வாங்குவதற்கான அடையாளம். கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் பிறந்த ஸ்தாபனம்; அதன் பட்டாம்பூச்சியும் இதே வேலையைத்தான் செய்கிறது. படத்தைப் போடுவது எளிது. படத்தை நம்பி இரண்டாம் முறை வருகிறவர் ஏமாறாமல் பார்த்துக்கொள்வதே கடினம். ஆகவே பிராண்டு என்ற சொல்லைக் கற்கும்போது, மறுமுறை வாங்குகிறவர் எத்தனை பேர் என்ற கணக்கையும் அதனோடு சேர்த்தே கற்க வேண்டும்.

விலை என்ற சொல்லும் அவ்வாறே. நமக்கு நன்றாகத் தெரிந்த சொல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2007-ல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, பதினான்கு ஆண்டுகள் அந்த ஒரு ரூபாயிலேயே நின்றது. பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, குளோரேட் எல்லாம் விலை ஏறிய பிறகு, தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் சிவகாசியில் கூடிப் பேசி, 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்து பெட்டி இரண்டு ரூபாய் என்று தீர்மானித்தன. விலை இரட்டித்துவிட்டது, உற்பத்தியாளருக்கு நல்ல காலம் என்று பலரும் பேசினார்கள். அப்போது பத்திரிகைகளில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள். 600 பெட்டி கொண்ட பண்டலை உற்பத்தியாளர் 270 ரூபாயிலிருந்து 300 ரூபாய்க்குக் கொடுத்துவந்தார். அதை வரியும் வண்டிச் சத்தமும் நீங்கலாக 430 ரூபாயிலிருந்து 480 ரூபாயாக உயர்த்த முடிவாயிற்று. வகுத்துப் பார்த்தால், பழைய விலையில் பெட்டிக்கு 45 முதல் 50 காசு. புதிய விலையில் ஏறத்தாழ 72 முதல் 80 காசு. வாங்குபவர் கொடுக்கும் பணம் நூற்றுக்கு நூறு ஏறியது. உற்பத்தியாளருக்கு வந்தது நூற்றுக்கு அறுபது. வாங்குபவர் தரும் ரூபாயில் முன்பு ஏறக்குறையப் பாதி ஆலை வாசலுக்கு வந்தது. அந்தப் புதிய விலையில் நூற்றுக்கு 36 முதல் 40 வரைதான். மீதியில் வரி உண்டு, வண்டிச் சத்தம் உண்டு, மொத்த வியாபாரியும் சில்லறைக் கடைக்காரரும் உண்டு. அவர்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஒரு பண்டத்துக்கு ஒரே விலை இல்லை. வாசல் விலை, மொத்த விலை, கடை விலை என்று படிகள் பல உண்டு. எந்தப் படியில் எவ்வளவு தங்குகிறது என்பதற்கு மார்ஜின் என்று ஒரு சொல் உண்டு என்பதை அறியாதவருக்கு, 'விலை இரட்டித்தது' என்ற செய்தி வெறும் மகிழ்ச்சிச் செய்தியாகவே நின்றுவிடும். தீப்பெட்டி ஆபீசில் கூலி கேட்கப் போகிறவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

பட்டாசிலும் ஒரு சொல்லை நாம் மிகவும் வருந்திக் கற்றோம். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் விலக்கிப் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இடம் கொடுத்தது. சரக்கு என்னவாக இருக்கவேண்டும் என்பதைச் செய்பவரும் வாங்குபவரும் மட்டும் தீர்மானிப்பதில்லை. சட்டமும், பக்கத்து வீட்டுக்காரர் மூச்சுவிடும் காற்றும் அதில் பங்கு கேட்கின்றன. நிபந்தனைகள் என்று இத்துறையில் சொல்வது அதைத்தான். சரவெடியையே நம்பியிருந்த சிறிய பட்டறைகளுக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்த விதம் கொடியது. ஒரே சரக்கை நம்பியிருக்கும் சங்கங்கள் இதைத் தமக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி நம் நெசவாளர்களின் விஷயத்துக்கு வருவோம். வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்ற பேதம் இத்துறையின் முதற்பாடம். நம் கூட்டுறவு நெசவுக்கு இதைவிட அவசியமான பாடம் வேறில்லை. 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் தறிகளுக்கு வேலை கொடுத்தது. அதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். அந்தத் திட்டத்தில் நமக்குப் பணம் தருவது சர்க்கார். சேலையை உடுத்துவது எங்கோ ஒரு கிராமத்துத் தாய். நாம் பேசுவது, எழுதுவது, தரம் காட்டுவது எல்லாம் சர்க்காரிடம். அந்தத் தாயோ நம்மிடம் ஒருபோதும் பேசியதில்லை. கரை பிடித்திருந்ததா, இரண்டாம் சலவையில் நிறம் நின்றதா, அல்லது சேலை பெட்டியிலேயே கிடந்து பின் தொட்டில் துணியாயிற்றா என்று நமக்குத் தெரிய வழியில்லை. ஆர்டர் வருகிறவரை இதனால் நஷ்டமில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே வாங்குபவரின் முகத்தையே பார்த்துப் பழகிய சங்கம், வெளிச்சந்தைக்கு ஒரு சேலையைக் கொண்டுபோகும் நாளில், யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கிறது. வாங்குபவர், பயன்படுத்துபவர் என்ற இரு சொற்களை வேறுபடுத்திச் சொல்லப் பழகியிருந்தால், உடுத்துகிறவரை விசாரிக்க ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒதுக்கியிருப்போம்.

விசாரியாமல் சரக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுத் துணி ஒன்றின் வரலாறே சாட்சி. சென்னையின் பெயரால் மெட்ராஸ் என்றே உலகம் அழைத்த கட்டம் போட்ட கைத்தறித் துணி அது. அதன் சாயம் தண்ணீரில் கசியும். குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும். 1958-ல் நியூயார்க் வியாபாரியான வில்லியம் ஜேக்கப்ஸன், கைத்தறி ஏற்றுமதி செய்துவந்த கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் இத்துணியை வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் பெரிய உடைக் கடைக்குக் கொடுத்தார். எப்படித் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை என்று சொல்லப்படுகிறது. அமெரிக்கர்கள் இயந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். ஒரு நிறம் இன்னொன்றில் பாய்ந்தது, புகார்கள் குவிந்தன. வழக்குக்குப் போக வேண்டிய விஷயம், விளம்பரக்காரர்களின் யோசனையால் வேறு திசையில் திரும்பிற்று. சாயம் கசிவது இத்துணியின் இயல்பு, ஒவ்வொரு சலவையிலும் உங்கள் சட்டை புதுச் சட்டையாகும், கசியும் என்பதற்கு நாங்களே உத்தரவாதம் என்று அவர்கள் விளம்பரம் செய்தார்கள். குறை என்று திருப்பி அனுப்பப்பட்டது குணமென்று தேடி வாங்கப்பட்டது. கல்லூரி இளைஞர்கள் அந்தச் சட்டைக்காக அலைந்த காலமும் ஒன்று இருந்தது.

இந்தக் கதையைச் சாமர்த்தியமான விளம்பரத்தின் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். நெய்தவருக்குச் சாயத்தின் இயல்பு தெரியும், உடுத்தியவருக்குத் தெரியாது. இடையில் இருந்தவர்கள் ஒரு சிறு துண்டுச் சீட்டைச் சேர்க்கத் தவறினார்கள். உபயோகக் குறிப்பு என்பது சரக்கின் ஒரு பகுதியே, சரக்குக்கு மேல் சுற்றும் காகிதம் அல்ல என்பதை நாம் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம். அந்த மோகமும் நெடுநாள் நிற்கவில்லை. புது மோகம் வந்ததும் பழைய துணி கடையில் தேங்கிற்று. அந்தத் தேக்கத்தின் சுமை கடைசியில் தறிக்குழிக்குத்தான் வந்தது. பொருளுக்கும் பிறப்பு, வளர்ச்சி, மூப்பு உண்டு என்று சொல்லும் ஆயுட்சுழற்சி என்ற சொல் வெறும் ஏட்டுச் சொல்லன்று. ஒரு சரக்கு நன்றாக விற்கும் ஆண்டிலேயே அடுத்ததற்குப் பாவு ஓட்ட வேண்டும் என்பதே அதன் பொருள்.

இதே மெட்ராஸ் கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை வாங்கி, சில இழைகளை மட்டும் நுணுக்கமாக அறுத்து உருவி எடுத்து, முற்றிலும் புதிய கோலம் ஒன்றைத் துணியில் உண்டாக்குகிறார்கள். சடங்குகளிலும் விழாக்களிலும் அதை உடுத்துவது அவர்களுக்குப் பெருமை. இங்கே நெய்தவர் அங்கே பாதிதான் நெய்தார். மீதியை அந்தப் பெண்கள் செய்து முடித்தார்கள். நம் சரக்கு வாங்கியவர் வீட்டில் என்னவாகிறது என்பது எவ்வளவு விசித்திரமான, பயனுள்ள விசாரணை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

விவசாயிகள் இதைத் தங்களுக்கல்ல என்று எண்ண வேண்டாம். கரிசல் மண்ணின் பழைய கருங்கண்ணிப் பருத்திக்கு இழை குட்டை. மெல்லிய நூல் நூற்கும் ஆலை அதை விரும்பாது. பஞ்சைக் கிள்ளிப் பார்த்துச் 'சுமார்' என்று வியாபாரி சொன்னபோது, எதற்குச் சுமார் என்று திருப்பிக் கேட்கும் சொல் நம்மிடம் இருக்கவில்லை. இழை நீளம் என்ற சொல்லும், அது எந்த நூலுக்குப் பொருந்தும் என்ற அறிவும் இருந்திருந்தால், மெல்லிய நூலுக்கு ஆகாதது கதர் போன்ற தடித்த துணிக்கு ஆகும், மானாவாரியில் மழை குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும் என்று நம் பக்கத்து வாதத்தையும் வைத்திருப்போம். தரம் என்பது தனியே நிற்கும் சொல்லன்று; 'இன்னதற்கு' என்ற சொல் முன்னால் வந்தால்தான் அதற்குப் பொருள். மிளகாய் வற்றலிலும் இப்படித்தான். நிறம், காம்பு, ஈரம், காரம் என்று வாங்குகிறவர் நான்காகப் பிரித்துப் பேசுகிறார். நாம் 'நல்ல வற்றல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

முன்னோட்டச் சரக்கு என்னும் சொல்லுக்குக் கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றிலேயே விளக்கம் இருக்கிறது. 1844 டிசம்பர் 21-ஆம் தேதி இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் தம் கடையைத் திறந்தபோது, அதில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகிய சிலவே. நெசவாளர்கள் பலரைக் கொண்ட சிறு கூட்டம் அது. கையில் இருந்த முதலுக்கு அவ்வளவுதான் வாங்க முடிந்தது. விற்றது; நம்பிக்கை வந்தது; பிறகு பெருக்கினார்கள். நாமோ புதிய கரை ஒன்று மனத்தில் தோன்றியவுடன் நூறு சேலைக்கு நூல் எடுத்துவிடுகிறோம். பத்துச் சேலை நெய்து, பத்துப் பேருக்கு விற்று, அவர்கள் சொல்வதைக் கேட்டபின் பதினோராவதைத் தொடங்கினால் என்ன குடி முழுகிவிடும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1931-ல் அமெரிக்காவில் பிராக்டர் அண்டு கேம்பிள் என்னும் சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்த நீல் மக்கெல்ராய் என்பவர், மே மாதம் 13-ஆம் தேதி தம் மேலதிகாரிகளுக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். கம்பெனியின் கேமே சோப்பு, அதே கம்பெனியின் ஐவரி சோப்பின் நிழலில் மங்கிக்கிடந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் ஆதி முதல் அந்தம் வரை ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். விற்பனை ஏன் குறைந்தது என்று அவரே ஊர் ஊராகப் போய் அறிய வேண்டும் என்பது அக்குறிப்பின் சாரம். சரக்கு நிர்வாகம் என்ற உத்தியோகம் அதிலிருந்துதான் கிளைத்தது என்பார்கள். நம் சங்கங்களில் சேலைக்கு, துண்டுக்கு, போர்வைக்கு, வற்றலுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காரியதரிசி ஒருவர் இருக்கிறார். அவர் கணக்கும் எழுதுகிறார், அதிகாரிக்கு வண்டியும் பிடிக்கிறார். துண்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும் என்று பதில் வரும். எல்லோரும் பொறுப்பு என்பதன் பொருள் நமக்கெல்லாம் தெரியும்.

இவை நிர்வாக சபையின் காரியம், உழைக்கிறவருக்கு எதற்கு என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். தீப்பெட்டி ஒட்டுகிறவரும் தறியில் உட்காருகிறவரும் பகல் முழுதும் உழைத்துவிட்டு இரவில் பாடம் படிக்க வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமே. படிப்பு என்று வகுப்பு வைத்தால் நாமும் போகமாட்டோம். இச்சொற்களைப் படாடோபமாகப் பேசி, சரக்கு ஒன்றைக்கூட விற்றுக் கொடுக்காமல் போன ஆலோசகர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். விளங்காத சொல்லை ஒருவர் கூட்டத்தில் சொன்னால், தமிழில் சொல்லுங்கள், நம் சரக்கை வைத்துச் சொல்லுங்கள் என்று எழுந்து கேட்கும் பழக்கம் வரவேண்டும். அவருக்கே விளங்கவில்லை என்பது பல நேரங்களில் அப்போது வெளிப்படும்.

ஆகவே நாம் யோசனையாக முன்வைப்பது சிறிய காரியம். மாதாந்தரக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்குவது. ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு ஒரு சரக்கு. இந்த மாதம் மார்ஜின் என்றால், சங்கத்துத் துண்டு ஒன்று கடையில் என்ன விலைக்குப் போகிறது, அதில் நெய்தவருக்கு என்ன, நூலுக்கு என்ன, சாயத்துக்கு என்ன, தள்ளுபடிக்கு என்ன என்று கரும்பலகையில் எழுதிப் பார்ப்பது. அடுத்த மாதம் பயன்படுத்துபவர் என்றால், சங்கத்துச் சேலையை வாங்கிய இரண்டு பேரை அழைத்து வந்து பேசச் செய்வது. பெண் அங்கத்தினர்கள் முன்வரிசையில் இருக்கட்டும். சேலையைப் பற்றி ஆண்களே பேசி முடித்துவிடும் வழக்கம் எத்தனை நாளைக்கு?

முதற்கூட்டத்துக்குச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். இருப்புப் பதிவேட்டைத் திறந்து, கிடங்கில் மிக நீண்ட நாளாகத் தங்கியிருக்கும் சரக்கு எது என்று பார்த்து, அதில் ஒன்றைக் கூட்டத்தின் நடுவில் விரித்துப் போடச் சொல்லுங்கள். யாருக்காக இதை நெய்தோம் என்று நெய்தவரைக் கேளுங்கள். யார் கேட்டதால் நூல் கொடுத்தோம் என்று காரியதரிசியைக் கேளுங்கள். இரண்டு பதில்களையும் தீர்மானப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வையுங்கள்.